இந்தக் குளிர்காலம் கடுமையாக இருக்குமா? ஒன்ராறியோ வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஒக்ரோபர் பிறந்தால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். அதை முதலில் முடித்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம்.

கே: இந்த முறை பயங்கரக் குளிர் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடம் சுற்றுகிறது. தெற்கு ஒன்ராறியோ முழுக்கக் கடும் நீலம். நம்பலாமா? (ஸ்காபரோ)

ப: வரைபடத்தை நம்பலாம், அதற்குக் கீழே யாரோ எழுதி ஒட்டிய வசனத்தைத்தான் நம்பக்கூடாது. கனடாவின் சுற்றுச்சூழல் திணைக்களம் வெளியிடும் பருவகால வரைபடத்தில் நிறம் காட்டுவது எத்தனை பாகை குளிர் என்பதை அல்ல. பழைய குளிர்காலங்களைக் குளிரானவை, வழமையானவை, வெப்பமானவை என்று மூன்று சம பங்காகப் பிரிப்பார்கள். எதுவுமே தெரியாத நிலையில் ஒவ்வொரு பங்குக்கும் 33 சதவீதம். குளிரான பங்குக்கான வாய்ப்பு 50 சதவீதம் என்று கணினி சொன்னால் அந்த இடம் நீலமாகும். அப்போதும் குளிர் வழமையாகவோ குறைவாகவோ இருக்க மீதி 50 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. நிறம் கடுமையானால் கணிப்பவருக்கு உறுதி கூடியிருக்கிறது என்று அர்த்தம். குளிர் கூடும் என்று அர்த்தமில்லை.

இன்னொன்று. அந்த வரைபடம் மூன்று மாதச் சராசரியைப் பேசுகிறது. சராசரி வழமையாக இருக்கும் குளிர்காலத்திலும் பத்து நாள் எலும்பை உறையவைத்துவிட்டுப் போகலாம். பனியின் அளவைப் பற்றிய பருவகாலக் கணிப்பு இதைவிடப் பலவீனமானது. வெப்பநிலை வரைபடத்துக்கு ஓரளவு மதிப்புக் கொடுப்பேன். பனி வரைபடத்தை வைத்து ஸ்னோ புளோவர் வாங்கமாட்டேன்.

கே: லா நீனா வந்தால் பனி கொட்டும் என்கிறார்களே? (மார்க்கம்)

ப: லா நீனா என்பது பூமத்திய ரேகையை ஒட்டிய பசிபிக் கடலின் நடுப்பகுதி வழமையைவிடக் குளிர்வது. இரண்டு லா நீனாக்களைப் பாருங்கள். 2007-08 குளிர்காலத்தில் பியர்சன் விமான நிலையத்தில் 190 செ.மீ.க்கு மேல் பனி விழுந்தது. அங்கே வழமை ஒரு மீற்றரை ஒட்டித்தான். 2011-12இலும் லா நீனாதான். ஆனால் பனி அள்ளும் சவளுக்கு வேலையே வரவில்லை, 2012 மார்ச்சில் ஆட்கள் ரீசேட்டோடு திரிந்தார்கள்.

பசிபிக் கடலின் நடுப்பகுதி குளிர்ந்தால் புயல்கள் வரும் பாதை மாறுகிறது. தெற்கே கொலராடோ, டெக்சாஸ் பக்கம் உருவாகும் புயல்கள் ஒஹாயோ பள்ளத்தாக்கு வழியாகப் பேரேரிகளை நோக்கி வருவது கூடுகிறது. அந்தப் பாதை நமக்குத் தெற்காகப் போனால் முழுப் பனி. நமக்கு மேலாகவோ வடக்காகவோ போனால் மழை, அல்லது மழையும் பனியும் கலந்த சேறு. சில நூறு கிலோமீற்றர் வித்தியாசம்தான். லா நீனா புயலின் எண்ணிக்கையைக் கூட்டலாம், எந்தப் பக்கத்தால் போகும் என்பதற்கு அது பொறுப்பில்லை.

கே: பரிக்கு வீடு மாறப்போகிறோம். ரொறன்ரோவிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டம்தானே, பனியில் அப்படி என்ன வித்தியாசம்? (வாகன்)

ப: ஏறத்தாழ இரண்டு மடங்கு வித்தியாசம். காரணம் ஏரி.

குளிர்காலத் தொடக்கத்தில் ஏரித் தண்ணீர் இன்னும் கோடையின் சூட்டை வைத்திருக்கும். அதன்மேல் வடமேற்கிலிருந்து ஆர்க்டிக் காற்று வரும். தண்ணீருக்கும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்துக் காற்றுக்கும் 13 பாகை வித்தியாசம் வந்துவிட்டால் ஈரமும் வெப்பமும் மளமளவென்று மேலெழுந்து முகிலாகும். காற்று வீசும் திசையில் அந்த முகில்கள் ஒடுங்கிய பட்டைகளாக நீண்டு, கரை தாண்டியதும் கொட்டும். ஹியூரன் ஏரிக்கும் ஜோர்ஜியன் வளைகுடாவுக்கும் காற்றோடு போகும் பக்கத்தில் இருப்பவை ஓவன் சவுண்ட், கொலிங்வுட், பரி, லண்டன். ரொறன்ரோவுக்கு ஏரி தெற்கே இருக்கிறது. குளிர் காற்று நம்மிடம் வருமுன் நீண்ட நிலப்பரப்பைக் கடந்து ஈரத்தை இறக்கிவிடுகிறது. கிழக்குக் காற்று வீசும் புயல்களில் மட்டும் ஒன்ராறியோ ஏரி நமக்கும் கொஞ்சம் சேர்த்துத் தரும்.

இந்தப் பட்டையின் அகலம் சில வேளை 10, 20 கிலோமீற்றர்தான். 2022 நவம்பரில் எல்லைக்கு அப்பால் பஃபலோவின் தெற்குப் புறநகரங்களில் ஏறத்தாழ 2 மீற்றர் பனி. அதே நகரப் பகுதியின் வடக்கில் அதில் சிறு பங்குதான். நீங்கள் அஞ்சவேண்டியது ஆழத்தைக்கூட அல்ல, இந்தச் சடுதி மாற்றத்தை. வெயில் எறிக்கும் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருப்பீர்கள், அடுத்த வளைவில் முன்னால் போகும் காரின் விளக்கும் தெரியாது. 2010 டிசம்பரில் சார்னியா அருகே 402ஆம் நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான சாரதிகள் இப்படித்தான் வாகனங்களுக்குள் சிக்கி இரவைக் கழித்தார்கள். 400ஆம் நெடுஞ்சாலையில் தினமும் வேலைக்குப் போய்வரப் போகிறீர்களென்றால் காருக்குள் போர்வை, சவள், தண்ணீர், சாப்பிட ஏதாவது, போன் சார்ஜர் எப்போதும் இருக்கட்டும். வீடு நல்ல விலைக்குக் கிடைத்தால் வாங்குங்கள், அதைப்பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கே: ஏரி உறைந்தால் இந்தப் பனி நிற்குமா? (ஹமில்ரன்)

ப: ஈரி ஏரியில் பெரும்பாலும் ஆம். சராசரி ஆழம் 19 மீற்றர்தான் என்பதால் சீக்கிரம் உறைந்து மூடிக்கொள்ளும். ஒன்ராறியோ ஏரியின் சராசரி ஆழம் 86 மீற்றர், அது முழுவதும் உறைவது மிக அரிது. 2014இல் பேரேரிகளில் 90 சதவீதத்துக்கு மேல் பனிக்கட்டி மூடியது. 2024இல் பெயருக்குத்தான் இருந்தது. உலகம் சூடாகிறது என்கிறீர்கள், பிறகு ஏன் இவ்வளவு பனி என்று கேட்பவர்களுக்கும் பதில் இதற்குள் இருக்கிறது. ஏரி திறந்து கிடக்கும் நாட்கள் கூடினால், ஆர்க்டிக் காற்று வரும் அந்தச் சில நாட்களில் அதற்குக் கிடைக்கும் ஈரமும் கூடும்.

கே: வெப்பநிலை -15, ஆனால் -26 போல் இருக்கும் என்கிறார்கள். எதை நம்பி உடுப்பு போடுவது? காருக்கும் -26தானா? (பிரம்ரன்)

ப: உங்களுக்கு -26, காருக்கு -15. காற்று உடலைச் சுற்றியுள்ள இளஞ்சூட்டைப் பறித்துக்கொண்டு போகும் வேகத்தைத்தான் இரண்டாவது எண் சொல்கிறது. -15இல் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று வீசினால் கணக்கு -26க்கு வரும். இப்போதுள்ள சூத்திரம் 2001இல் வந்தது. ரொறன்ரோவிலுள்ள பாதுகாப்பு ஆய்வுக்கூடமொன்றில் தன்னார்வலர்களைக் குளிர்காற்றுக்கு எதிரே நடக்கவிட்டு, முகத்தோல் எப்படிக் குளிர்கிறது என்று அளந்து சரிபார்த்தார்கள். ரேடியேற்றருக்கு முகத்தோல் இல்லை. காற்று எவ்வளவு வீசினாலும் கார் சுற்றுப்புற வெப்பநிலைக்குக் கீழே போகாது, அந்த நிலைக்குக் கொஞ்சம் விரைவாக வரும், அவ்வளவுதான்.

உடுப்புக்கு இரண்டாவது எண்ணைப் பாருங்கள். -28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். -40ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம். விரல், காது, மூக்கு நுனி வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காதீர்கள், பனியால் தேய்ப்பது அதைவிட மோசம். உள்ளே வந்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் வையுங்கள், உணர்ச்சி திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். ஊரிலிருந்து ஜனவரியில் அம்மா அப்பாவைக் கூப்பிடுபவர்கள் விமான நிலையத்துக்கே தடித்த கோட், தொப்பி, கையுறை, பூட்ஸ் கொண்டுபோங்கள். வீட்டுக்கு வந்து வாங்கலாம் என்று நினைத்தால் கார் நிறுத்துமிடம்வரை அவர்கள் செருப்போடு நடக்கவேண்டி வரும்.

கே: 25 செ.மீ. பனி என்று பயமுறுத்தினார்கள், விழுந்தது 4 செ.மீ. உங்கள் ஆட்களுக்கு வேலை தெரியாதா? (மிசிசாகா)

ப: தெரியும். ஆனால் அந்தப் புயலில் உங்கள் வீட்டு வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி நின்றது. 25 மில்லிமீற்றர் தண்ணீர் -3இல் விழுந்தால் ஏறத்தாழ 25 செ.மீ. பனி, +1இல் விழுந்தால் அதே தண்ணீர் சாக்கடைக்குப் போகும். -15இல் விழுந்தால் பஞ்சுபோல் 40 செ.மீ. கூட ஆகலாம். ஒரே புயலில் ஏரிக்கரையில் மழையும் வடக்கே முழங்கால் பனியும் இருப்பது இதனால்தான். எண்ணை மட்டும் பார்க்காமல் மழை-பனிக் கோடு எங்கே விழுகிறது என்று கேளுங்கள். 2025 நவம்பரிலிருந்து எச்சரிக்கைகள் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறத்தில் வருகின்றன. பாதிப்பு எவ்வளவு, அதைச் சொல்பவருக்கு நம்பிக்கை எவ்வளவு என்ற இரண்டும் சேர்ந்தது அந்த நிறம்.

கே: பனிப்புயலைவிட உறைமழை மோசமா? (அஜாக்ஸ்)

ப: என்னைக் கேட்டால் ஆம், சந்தேகமே இல்லை. மேலே இளஞ்சூட்டுக் காற்று, கீழே நிலத்தை ஒட்டி உறைநிலைக்குக் குறைந்த மெல்லிய படலம். மழையாகவே விழுந்து, பட்ட இடத்தில் கண்ணாடியாக உறையும். பனியை அள்ளலாம், இதை என்ன செய்வது? 1998 ஜனவரியில் கிழக்கு ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் மின்கோபுரங்களே மடிந்து விழுந்தன. 2013 டிசம்பர் 21, 22இல் ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தன, பலருக்கு நத்தாருக்கும் வெளிச்சம் இல்லை.

அந்த நாட்களில் சிலர் குளிர் தாங்காமல் வீட்டுக்குள் கரி அடுப்பையும் ஜெனரேற்றரையும் வைத்தார்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை, நித்திரையிலேயே ஆளைக் கொல்லும். பார்பிக்யூ அடுப்பு கராஜுக்குள்ளும் வேண்டாம், கதவைத் திறந்துவைத்தாலும் வேண்டாம். மின்சாரம் போனால் எல்லாரும் ஒரே அறையில் கூடுங்கள். நகரசபை சூடேற்றும் நிலையங்கள் திறந்தால் அங்கே போவதற்கு வெட்கப்படாதீர்கள்.

கே: போலார் வோர்டெக்ஸ் வருகிறதாம். எப்போது? (ஒட்டாவா)

ப: போலார் வோர்டெக்ஸ் என்பது ஒரு பெரும் குளிர்காற்றுச் சுழல், அது எங்கும் போவதில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் வடதுருவத்துக்கு மேலே மிக உயரத்தில் சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. வலுவாகச் சுழலும்போது குளிரை அங்கேயே அடைத்துவைக்கும். குழம்பினால் குளிர் காற்று தெற்கே வழிய வாய்ப்புக் கூடும், ஆனால் வழிவது ஐரோப்பாவாகவும் இருக்கலாம், ஆசியாவாகவும் இருக்கலாம்.

கே: அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் பனி விழாது என்பது உண்மையா? (கிங்ஸ்ரன்)

ப: முழு உண்மையில்லை. குளிர் கூடக்கூடக் காற்றில் ஈரம் குறையும், அதனால் பெரும்பனி விழுவது அரிது. விழவே விழாத ஒரு வெப்பநிலை என்று எதுவும் இல்லை.

கே: எங்கள் ட்ரைவ்வேயில் உப்பு மூட்டைக் கணக்கில் போட்டும் ஐஸ் கரையவில்லை. உப்பில் கலப்படமா? (ஸ்காபரோ)

ப: உப்பைக் குறை சொல்லாதீர்கள். சாதாரணக் கல்லுப்பு -10 அளவில் கிட்டத்தட்டக் கைவிட்டுவிடும். அதற்குக் கீழே கால்சியம் குளோரைட் கலந்ததை வாங்குங்கள், அல்லது மணல் தூவுங்கள். மணல் கரைக்காது, ஆனால் கால் பிடிக்கும். முதலில் அள்ளுங்கள், பிறகு ஒரு கைப்பிடி போதும். மிச்சமெல்லாம் வசந்தத்தில் உங்கள் புல்லையும் பக்கத்து ஓடையையும்தான் எரிக்கும்.

கே: ஓல்-சீசன் ரயர் போதாதா? ஒன்ராறியோவில் சட்டம் இல்லையே? (மில்ரன்)

ப: சட்டம் இல்லை. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். 7 பாகைக்குக் கீழே ஓல்-சீசன் ரயரின் ரப்பர் இறுகிப் பிடிமானத்தை இழக்கத் தொடங்கும், வீதியில் பனியே இல்லாவிட்டாலும். நாலு சில்லுக்கும் குளிர்கால ரயர் போடுங்கள், இரண்டுக்கு மட்டும் போட்டால் கார் சுழலும். போட்டதும் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள், ஒன்ராறியோவில் 2016இலிருந்து அவர்கள் கட்டணத்தில் கழிவு தரவேண்டும்.