டச்-அப் பெயின்ட்: நிறம் ஏன் பொருந்தவில்லை?

கேள்வி: என் ஸ்போர்ட்ஸ் காரின் பானெட்டில் கல் பட்டு ஏழெட்டு இடங்களில் பெயின்ட் பெயர்ந்துவிட்டது. மெட்டாலிக் சிவப்பு. கதவுத் தூணில் உள்ள நிறக் குறியீட்டைப் பார்த்துத்தான் டச்-அப் பாட்டில் வாங்கினேன். வைத்துப் பார்த்தால் கறுத்துத் தெரிகிறதே, பாட்டில் மாறிவிட்டதா?

பதில்: பாட்டில் சரியாகவே இருக்கலாம். தொழிற்சாலையில் ஸ்ப்ரே அடிக்கும்போது பெயின்டிலுள்ள அலுமினியத் துகள்கள் பெரும்பாலும் படுத்த வாக்கில் படியும். பிரஷ்ஷால் தொட்டு வைத்தால் கண்டபடி சாய்ந்து நிற்கும். வெளிச்சம் உங்கள் கண்ணுக்குத் திரும்பாது, புள்ளி கறுத்துவிடும். சொட்டாக வைத்தால் இது இன்னும் மோசம். துகள்கள் பாட்டிலின் அடியில் தங்கிவிடுவது இன்னொரு காரணம். குறைந்தது 2 நிமிடம் குலுக்குங்கள். உள்ளே இருக்கும் குண்டு தடையில்லாமல் உருளும் சத்தம் கேட்க வேண்டும்.

ஒரே குறியீட்டிலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு சாயல் மாறும். வெயிலில் நின்ற வண்டியின் நிறமும் இறங்கியிருக்கும். அதனால் வண்டியில் கை வைக்கும் முன் வெள்ளை அட்டை ஒன்றில் மெல்லிய பூச்சாக 3 முறை தடவி, காய்ந்தபின் பாதிக்கு மட்டும் கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) பூசுங்கள். கிளியர் பூசிய பாதியைத்தான் ஒப்பிட வேண்டும். பகல் நேரத்தில், நிழலில், அட்டையைப் பானெட்டின் சாய்வுக்கே பிடித்து, நேராக ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை பாருங்கள். ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறத்தை நம்பவே கூடாது.

உங்களுடையது மாஸ்டாவின் சோல் ரெட் கிரிஸ்டல் (குறியீடு 46வி) போன்ற நிறமென்றால் ஒரு பாட்டில் போதாது. அடியில் ஒளியைத் திருப்பும் பூச்சு, அதன்மேல் ஊடுருவித் தெரியும் சிவப்பு, கடைசியில் கிளியர் என மூன்று அடுக்கு அது. நடு அடுக்கு ஒரு பூச்சு கூடினாலே கறுத்துவிடும். பழைய சோல் ரெட்டின் குறியீடு 41வி. இரண்டும் வேறு வேறு நிறங்கள்.

கேள்வி: புள்ளியை மேடு தெரியாமல் நிரப்புவது எப்படி?

பதில்: முதலில் ஷாம்பூவால் கழுவி, குழியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். வாக்ஸோ சிலிகானோ மிச்சமிருந்தால் பெயின்ட் ஒதுங்கி, மீன்கண் போலக் குழி விழும். ஓரத்தில் தூக்கி நிற்கும் பெயின்டைப் பல்குத்தும் குச்சியால் பெயர்த்து எடுங்கள். அதன்மேலேயே பூசினால் சில மாதங்களில் எல்லாம் சேர்ந்து உரியும்.

இரும்பு தெரிந்தால் துருவைச் சுரண்டிவிட்டு ப்ரைமர் (அடிப்பூச்சு). ஸ்போர்ட்ஸ் கார்களில் பானெட் அலுமினியமாக இருப்பது சகஜம். அதில் செந்துரு வராது, வெள்ளைத் தூளாகப் பூத்து, சுற்றியுள்ள பெயின்டைக் கொப்புளமாகத் தூக்கும். அதற்கு எட்ச் ப்ரைமர் அல்லது எபாக்ஸி ப்ரைமர்தான் வேண்டும். அடியில் பழைய ப்ரைமர் அப்படியே இருந்தால் புதிதாக எதுவும் வேண்டாம்.

பாட்டிலோடு வரும் பிரஷ் பெரும்பாலும் தடிமன். 000 எண் ஓவியப் பிரஷ்ஷோ குச்சி முனையோ எடுத்து, குழியின் நடுவில் தொட்டு, பெயின்ட் தானாக ஓரம்வரை பரவ விடுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே 30 முதல் 60 நிமிடம் காயட்டும். காயும்போது சுருங்கும், அதனால்தான் மூன்று நான்கு முறை தேவைப்படுகிறது. ஒரே சொட்டில் நிரப்பினால் மேலே தோல் கட்டி, உள்ளே ஈரம் நிற்கும். நிறம் சுற்றுமட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். கிளியர் ஒரு மயிரிழை மேலே நிற்கட்டும். கொதிக்கும் வெயிலில் செய்யாதீர்கள். மழை ஈரக்காற்றிலும் வேண்டாம், கிளியர் பால்போல் வெளுத்துவிடும்.

தேய்ப்பதற்குக் குறைந்தது ஒரு வாரம் பொறுங்கள். பிறகு 2000, 2500, 3000 கிரிட் என வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) விரல்நுனி அளவு கட்டையில் சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு, மேட்டை மட்டும் தேயுங்கள். தொழிற்சாலைக் கிளியர் பொதுவாக 50 மைக்ரானுக்குள்தான், தலைமுடியைவிட மெல்லியது. சுற்றுப்புறம் மங்கலானதும் நிறுத்திவிடுங்கள். கடைசியாக காம்பவுண்ட், பாலிஷ்.

கேள்வி: மேட் (பளபளப்பில்லாத) பெயின்டுக்கும் இதே முறையா?

பதில்: நிரப்புவதுவரை இதேதான், கிளியர் மட்டும் மேட். தேய்ப்பதும் பாலிஷ் போடுவதும் கூடவே கூடாது. தேய்த்த இடம் பளபளத்துவிடும். பிறகு அந்தப் பாகம் முழுவதையும் ஸ்ப்ரே அடிப்பதைத் தவிர வழியில்லை.