பாஸ்தாப் பெயர்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஸ்பகெட்டி என்பது ஊர்ப் பெயரா?

இல்லை. இத்தாலிய மொழியில் 'ஸ்பாகோ' என்றால் கட்டு நூல். அதன் சிறிய வடிவம்தான் ஸ்பகெட்டி. பாஸ்தாப் பெயர் எதைப் பார்த்தாலும் முதலில் அதன் கடைசி அசையைக் கவனியுங்கள். '-இனி', '-எட்டி', '-எல்லி' என்று முடிந்தால் பெரும்பாலும் சிறியது. '-ஓனி' என்று முடிந்தால் பெரியது. 'கொங்கிலியே' சிப்பி வடிவம். 'கொங்கிலியோனி' உள்ளே பூரணம் வைக்கும் அளவுக்குப் பெரிய சிப்பி.

கேள்வி: வெர்மிசெல்லி என்றால் புழு என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், குட்டிப் புழுக்கள். முகம் சுளிக்க வேண்டாம்; கண்ணில் பட்டதைக் கூச்சமில்லாமல் பெயராக்கியிருக்கிறார்கள், அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் இத்தாலியில் வெர்மிசெல்லி ஸ்பகெட்டியைவிடச் சற்றுத் தடிமனானது. நம் சேமியாவுக்கு நெருக்கமானது அங்கே 'கப்பெல்லி தாஞ்சலோ', அதாவது தேவதையின் கூந்தல்.

கேள்வி: பென்னேயின் இரு முனைகளும் ஏன் சாய்வாக இருக்கின்றன?

'பென்னா' என்றால் இறகு; இறகுப் பேனாவும் அதுவே. சீவிய பேனா முனையைப் போன்ற அந்தச் சாய்வுதான் பெயருக்குக் காரணம். குழல் நசுங்காமல் சாய்வாக வெட்டும் இயந்திரத்துக்கு ஜெனோவா அருகே ஜோவான்னி பத்திஸ்தா கப்பூர்ரோ 1865-இல் காப்புரிமை பெற்றார்.

கேள்வி: பாதிரியாரின் கழுத்தை நெரிக்கும் பாஸ்தா ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. 'ஸ்ட்ரொட்ஸாப்ரேத்தி', ரொமாஞ்ஞா பகுதியின் பண்டம். ஓசியில் விருந்துண்ட பாதிரியார் அவசர அவசரமாக விழுங்கித் தொண்டை அடைத்துக்கொண்டார் என்பது பலரும் சொல்லும் கதை. எனக்கு அதைவிட அந்த மண்ணின் வரலாறு முக்கியமாகப் படுகிறது. ரொமாஞ்ஞா 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல நூற்றாண்டுகள் போப்பாண்டவரின் ஆட்சியில் இருந்தது. அந்த ஆட்சியின் மீதிருந்த கசப்பு சமையலறையில் ஒரு பெயராக வெளிப்பட்டிருப்பதில் வியப்பில்லை. செய்முறையையும் பாருங்கள்: மாவைத் தேய்த்து நாடாவாகக் கீறி, ஒவ்வொரு நாடாவையும் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து ஒரு திருகு திருகி, விரல் நீளத்துக்குப் பிய்த்துப் போடுவார்கள். அந்தத் திருகலைப் பார்த்தால் பெயருக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

கேள்வி: பாஸ்தாவைச் சீனாவிலிருந்து கொண்டுவந்தவர் மார்க்கோ போலோதானே?

இந்தக் கட்டுக்கதையை எத்தனை முறை கேட்டாலும் மறுக்காமல் இருக்க முடியவில்லை. போலோ வெனிஸ் திரும்பியது 1295-இல். 1279-ஆம் ஆண்டின் ஜெனோவா ஆவணம் ஒன்றில், ஒருவர் விட்டுச்சென்ற உடைமைகளின் பட்டியலில் ஒரு பெட்டி நிறைய மக்ரோனி இடம்பெற்றிருக்கிறது. அதற்கும் முன்பே, 1154-இல், சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக எழுதிய அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி, பலெர்மோ அருகே திராபியா என்னும் ஊரில் 'இத்ரியா' எனும் நூல் வடிவப் பாஸ்தா ஏராளமாகத் தயாராகிக் கப்பல் கப்பலாக வெளியூர்களுக்குப் போவதைக் குறித்துவைத்தார். அந்த அரபுச் சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. இத்தாலியின் தென்கோடி சலேந்தோவில் கொண்டைக்கடலையுடன் செய்யும் 'சீச்செரி எ திரியா'வில் வரும் 'திரியா' அதுவேதான். பாஸ்தாவில் ஒரு பகுதியை எண்ணெயில் பொரித்து மேலே சேர்ப்பார்கள்.

கேள்வி: மஃபல்தீனே யாருடைய பெயர்?

1902-இல் பிறந்த, இத்தாலிய அரச குடும்பமான சவோயின் இளவரசி மஃபால்தாவின் பெயர். இருபுறமும் சுருக்கம் வைத்த நாடா. 'ரெஜினெத்தே', குட்டி அரசிகள், என்றும் சொல்வார்கள். இளவரசியின் முடிவு கொடியது. நாஜிகள் அவரைப் பூகன்வால்ட் முகாமில் அடைத்தனர். 1944-இல் அங்கே குண்டுவீச்சில் காயமடைந்து இறந்தார். இதை அறிந்த பிறகு அந்தப் பெயரைச் சாதாரணமாக உச்சரிக்க என்னால் முடிவதில்லை.

கேள்வி: ஃபர்ஃபல்லே என்பது கழுத்தில் கட்டும் 'போ டை' தானே?

பெயரின்படி வண்ணத்துப்பூச்சி. போலோஞ்ஞா பக்கம் 'ஸ்த்ரிக்கெத்தி' என்பார்கள். நடுவில் கிள்ளி அழுத்துவதால் வந்த பெயர். அந்தக் கிள்ளிய இடம் மற்ற பகுதியைவிடத் தடிப்பாக இருக்கும். அது வெந்துவிட்டதா என்று கடித்துப் பார்த்த பிறகே வடிகட்டுங்கள்.