தினமும் நடக்கிறாரே, அது போதாதா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறார். ஆனாலும் கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. வயதானால் இப்படித்தானா?
– வாசகி, தேனி

பதில்: வயது என்று விட்டுவிடாதீர்கள் அம்மா. நடை இதயத்துக்கு நல்லது, நிறுத்தவே வேண்டாம். ஆனால் தொடைத் தசை தேய்வதை நடை மட்டும் தடுக்காது. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்வது தசைதான், அது குறைந்தால் அதே நாலு இட்லிக்குச் சர்க்கரை கூடுதலாக ஏறும். இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1.4 லட்சம் பேரைக் கவனித்து 2015-இல் வெளியான ஆய்வில், கைப்பிடி வலுவில் ஒவ்வொரு 5 கிலோ குறைவுக்கும் இதய, ரத்தநாள நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் கூடியிருந்தது. அதற்காகப் பந்தை மட்டும் பிசைந்தால் போதாது, பிடி என்பது உடம்பு முழுவதின் வலுவுக்கு ஓர் அடையாளம்.

சரி, என்ன செய்யலாம்? மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, வாரம் மூன்று நாள் பத்துப் பத்துத் தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், முதலில் கை ஊன்றியே செய்யட்டும், மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. அப்புறம் மூன்று வேளையும் தட்டில் பருப்பு, சுண்டல், முட்டை என்று ஏதாவது இருக்கட்டும்; சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மருத்துவர் சொல்வார். 1990-இல் பாஸ்டனில் 90 வயதை ஒட்டிய முதியவர்கள் எட்டே வாரம் எடைப் பயிற்சி செய்து, கால் வலுவை இரண்டரை மடங்குக்கு மேல் கூட்டியிருக்கிறார்கள். அப்பாவுக்கு 68தானே!