திருத்தணி எல்லை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தாத்தா திருத்தணிக்காரர். திருத்தணியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரி நடந்த எல்லைப் போராட்டக் கதைகளைச் சொல்லியே எங்களை வளர்த்தார். எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஒரே நாடு, ஒரே நாணயம். ஒரு தாலுகா எந்த மாநிலத்தின் கணக்கில் இருந்தால்தான் என்ன? அன்று போராடியவர்கள் வெறுமனே உணர்ச்சிவசப்பட்டார்களா?

வாசகர், அரக்கோணம்

அன்புள்ள நண்பருக்கு,

இதே கேள்வியை 1911இல் கேட்டிருந்தால், பெரிய வேறுபாடு இல்லை என்றே பதில் எழுதியிருப்பேன். அந்த ஆண்டு சித்தூர் மாவட்டம் உருவானபோது, கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்த திருத்தணி வட ஆர்க்காட்டிலிருந்து அதற்குள் போனது. கலெக்டர் மாறினாரே தவிர, அவருக்கு மேலிருந்த வருவாய் வாரியம் சேப்பாக்கத்திலும் உயர் நீதிமன்றம் சென்னையிலுமே இருந்தன. மனுவை வேலூரில் கொடுத்தாலும் சித்தூரில் கொடுத்தாலும் கடைசியில் அதன்மேல் ஆணை எழுதப்பட்ட மொழி ஆங்கிலம்தான்.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது, அந்த மாவட்டக் கோடு இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு மாநில எல்லையாகிவிட்டது. இனி இரு பக்கமும் தனித்தனிச் சட்டமன்றம், தனித்தனிப் பாடநூல், தனித்தனி அரசுப் பணி. சென்னை மாநிலம் 1956இல் தமிழையும், ஆந்திரப் பிரதேசம் 1966இல் தெலுங்கையும் சட்டமியற்றி ஆட்சிமொழியாக்கின. பக்கத்துப் பக்கத்து வயல்களுக்கு அடங்கல் என்ற கிராம நிலக் கணக்கு ஒன்று தமிழிலும் மற்றொன்று தெலுங்கிலும் எழுதப்படும் நிலை அப்படித்தான் வந்தது. தன் நிலத்தின் கணக்கைத் தானே படிக்க முடியுமா என்ற கவலையை உணர்ச்சிவசப்படுதல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. எல்லைப் போராட்டத் தலைவர்களான ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் மேடைகளில் தமிழகத்தின் பழைய வட எல்லையான வேங்கட மலையை (திருப்பதி மலையை) பற்றி அதிகம் பேசினார்கள், உண்மைதான். ஆனால் கூட்டத்தில் நின்ற விவசாயிக்குத் தாலுகா கச்சேரியே (அலுவலகமே) பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இந்த எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கர் கிராமத்தை அலகாக வைத்து, பெரும்பான்மை மொழியையும் நிலத்தொடர்ச்சியையும் பார்த்துப் பரிந்துரைத்தார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி நம்மிடம் வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. இதைத் தாத்தா சொல்லியிருக்க மாட்டார்.

கிராமத்தை அலகாகக் கொண்டாலும் தெருவைப் பிரிக்க முடியாது. மொழிவாரி அரசுகள் வலுப்பெறப் பெற, கோட்டின் தவறான பக்கத்தில் மாட்டிக்கொண்டவர்களின் சுமையும் கூடியது. சித்தூர்த் தமிழர்களுக்காக வருந்தும் நாம், பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தை ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்குவழிப் பள்ளி மாணவனின் பெஞ்சில் உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அந்தச் சட்டத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனாலும் அவனுக்கு அந்த எல்லை வெறும் கோடு அல்ல.