எட்டு விநாடி மௌனம்

கேள்வி: ஆட்டிசம் உள்ள திருநம்பி (பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்ட ஆண்) ஒருவரின் பேட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பாவம், தன் பாலினம் பற்றி அவருக்கே குழப்பம் என்று தோன்றியது. இப்படிப்பட்டவர்களை ஊடகங்கள் இன்னும் அதிகமாகக் காட்ட வேண்டாமா?

பதில்: அதிகமாகக் காட்டுவது பிறகு இருக்கட்டும். நீங்கள் பார்த்த குழப்பம் எங்கே தயாராகிறது தெரியுமா? எடிட்டிங் மேஜையில்.

"உங்கள் வாழ்க்கைப் பயணத்தைச் சொல்லுங்கள்" என்று நெறியாளர் ஆரம்பிப்பார். சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறவருக்கு இது கேள்வியே அல்ல. எந்த வயதிலிருந்து? வீட்டிலா, வேலையிலா? அவர் எட்டு விநாடி யோசிப்பார். பார்வை தரைக்குப் போகும், ஏனென்றால் எதிராளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வார்த்தை தேடுவது ஆட்டிசம் உள்ள பலருக்கு இரட்டை வேலை. விரல்கள் சட்டைப் பொத்தானை உருட்டும். அது அவரை நிதானமாக வைத்திருக்கும் அசைவு. இரண்டாவது கேமரா உடனே அந்த விரல்களுக்கு க்ளோசப் போகும். அப்புறம் எடிட்டர் பதிலை வெட்டிவிட்டு மௌனத்தை வைத்துக்கொள்வார். இன்னும் மோசமானவர், வேறு கேள்விக்கு வந்த மௌனத்தை எடுத்து "நீங்கள் ஆண்தானா?" என்பதற்குப் பின்னால் ஒட்டுவார். கேட்பவரும் சொல்பவரும் ஒரே ஷாட்டில் இல்லாதபோது, எந்த மௌனம் எந்தக் கேள்விக்கு உரியது என்று பார்ப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

அதற்கு மேல் ஒற்றை வயலின். வயலினைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே சண்டை போட்டிருக்கிறேன், இன்னும் போடுவேன். "பெயரை மாற்றினேன், அடையாள அட்டை வரத் தாமதமானது" என்பது நிர்வாகத்தின் மீதான புகார். அடியில் சோக இசை ஓடினால் அது ஒப்பாரியாகிவிடும், புகார் காணாமல் போகும். சாட்சியத்தைத் திருத்துகிற வேலை அது. பேட்டியில் ஒருவர் பேசும்போது இசை கூடவே கூடாது.

சரியாகச் செய்வது கடினமும் இல்லை. கேள்விகளை இரண்டு நாள் முன்பே எழுத்தில் அனுப்புங்கள். "பெயர் மாற்றிய வாரம் அலுவலகத்தில் என்ன நடந்தது?" என்று இடமும் நேரமும் வைத்துக் கேளுங்கள். டைப் செய்துதான் பதில் சொல்வேன் என்றால் அதுவும் பேட்டிதான். ரீங்கரிக்கும் குழல்விளக்கை அணையுங்கள். காலரில் குத்தும் மைக்கின் வயரைச் சட்டைக்குள் விடுவதற்கு உதவியாளர் கை நீட்டுகிறாரே, அங்கேதான் இரண்டு சங்கடங்களும் ஒன்றாக வருகின்றன: தொடுதல் பொறுக்காத தோல், உள்ளே மார்பை இறுக்கித் தட்டையாக்கும் பைண்டர் என்ற உள்ளாடை. மைக்கைக் கம்பில் தொங்கவிட்டால் தீர்ந்தது. பைண்டரை எட்டு மணி நேரத்துக்கு மேல் போடக்கூடாது என்பது பொதுவான அறிவுரை. தாகத்தையும் வலியையும் உடல் உடனே உணர்த்தாதவர்களும் ஆட்டிசம் உள்ளவர்களில் உண்டு. ஆகவே இடைவேளையை அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே விடுங்கள்.

அடுத்தது, நடுவில் செருகும் மருத்துவர் பைட், அதாவது அவர் பேசும் சில விநாடித் துண்டு. "ஆட்டிசம் உள்ளவரால் தன் பாலினத்தை அறிய முடியாது" என்று யாராவது சொன்னால் அப்படியே ஒளிபரப்பிவிடுகிறார்கள். வளரிளம் பருவத்தினருக்காக 2018-ல் அச்சான முதற்கட்ட மருத்துவ வழிகாட்டுதல்கள், ஆட்டிசம் இருக்கிறது என்பதை மட்டுமே காரணமாக்கிப் பாலினம் சார்ந்த சிகிச்சையை மறுப்பதை ஏற்கவில்லை. அதைச் சொல்ல ஒரு பைட்டாவது வேண்டாமா?

எண்களும் இதே கதைதான். 2020-ல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வு 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைப் பார்த்தது. திருநர்களிடமும், ஆண் பெண் என்ற இரண்டுக்குள் அடங்காத பாலினப் பன்மையரிடமும் ஆட்டிசம் மற்றவர்களைவிட 3 முதல் 6 மடங்கு அதிகம் காணப்பட்டது. "ஆட்டிசத்தால் பாலினம் மாறுகிறது" என்று இதற்குத் தலைப்பு வைப்பது பொய். இரண்டும் சேர்ந்து வருவதைச் சொன்ன ஆய்வு, ஒன்றால் மற்றொன்று விளைகிறது என்று சொல்லவில்லை. அந்தத் தரவிலும் 5 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தையொட்டி இணையத்தில் தாங்களாகவே வினாத்தாள் நிரப்பியவர்கள். அந்த எண்களை மொத்த மக்களுக்கும் நீட்டக்கூடாது. அந்த ஆய்விலேயே பெரும்பான்மைத் திருநர்களுக்கு ஆட்டிசம் இல்லை.

கடைசியாக, எந்தக் கட்டுரையிலும் யாரும் கவனிக்காத ஓரிடம்: படக் கோப்பின் பெயர். தலைப்பிலும் உள்ளேயும் சரியான பெயரைப் போட்டுவிட்டு, பழைய பெயரில் சேமித்த படத்தை அப்படியே ஏற்றுகிறார்கள். தேடுபொறி அந்தக் கோப்புப் பெயரையும் படிக்கிறது. படத்துக்கான மாற்று விவரணை (alt text), பக்க முகவரி, வீடியோவின் குறிச்சொற்கள் ஆகிய மூன்றிலும் பழைய பெயர் தங்கியிருக்கலாம். வெளியிடுவதற்கு முன் நான்கையும் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும்.