முதலாண்டுக் கணக்குப் புத்தகத்தை இப்போதே படிக்க வேண்டுமா?

கேள்வி: பள்ளிப் படிப்பு முடிந்து மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் சேரப் போகிறேன். கணக்கில் நல்ல மதிப்பெண்தான், ஆனால் பழைய வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பப் போட்டு வாங்கியது. புரோகிராமிங் சுத்தமாகத் தெரியாது. வகுப்பு தொடங்க இரண்டு மாதம் இருக்கிறது. முதலாண்டுக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டியதிலிருந்து பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். டிஃபரன்ஷியல் ஈக்குவேஷனில் திணறும் மாணவரின் விடைத்தாளைப் பார்த்தால், பிழை பெரும்பாலும் பழைய பாடத்தில்தான் இருக்கும்: பின்னத்தைச் சுருக்கியது, மடக்கை விதி, மைனஸ் குறி. அதனால் அல்ஜீப்ரா, திரிகோணமிதி, அடிப்படை வகையிடல், தொகையிடல் ஆகியவற்றைப் புத்தகம் பார்க்காமல் போடும் அளவுக்குக் கை பழகட்டும். இரண்டு மாதத்துக்கு அது போதும்.

பழைய வினாக்களைத் தூக்கிப் போட வேண்டாம், போடும் விதத்தை மாற்றுங்கள். பள்ளியில் பாடத்தின் கடைசியில் கணக்கு வரும், எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. கல்லூரியில் அதைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. எனவே பல பாடங்களின் கணக்குகளைக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். எண்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்தே கடைசி வரை போய்ப் பாருங்கள். உராய்வில்லாத சாய்தளத்தில் ஒரு கட்டை சறுக்குகிறது, அதன் முடுக்கம் என்ன? புவியீர்ப்பு முடுக்கத்தை சாய்வுக் கோணத்தின் சைனால் பெருக்க வேண்டுமா, காஸாலா? குழப்பமாக இருந்தால் கோணத்தைப் பூஜ்யமாக்குங்கள். காஸ் பூஜ்யம் 1. அப்படியானால் சமதளத்தில் கிடக்கும் கட்டை, யாரும் தள்ளாமலே 9.8 மீ/வி² முடுக்கத்தில் ஓட வேண்டும்! ஆக, சைன்தான். விடையை இப்படிச் சந்தேகப்படும் பழக்கம் வந்துவிட்டால் சூத்திரம் மறந்தாலும் பெரிய நஷ்டமில்லை.

அலகுகளையும் இதே மாதிரி சரிபாருங்கள். 1999-இல் நாசாவின் செவ்வாய் விண்கலம் ஒன்று தொலைந்துபோனதற்குக் காரணம், ஒரு தரப்பு பவுண்டு கணக்கிலும் மறு தரப்பு நியூட்டன் கணக்கிலும் வேலை செய்ததுதான்.

படித்ததையே மறுபடி வாசித்தால் தெரிந்துவிட்ட மாதிரி இருக்கும். அதை நம்பாதீர்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள்.

புரோகிராமிங்கை நினைத்துப் பயப்பட வேண்டாம், முதலாண்டில் பெரும்பாலும் அடியிலிருந்தே தொடங்குவார்கள். ஆசை இருந்தால் பைத்தான் என்ற நிரல்மொழியில் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது), ஃபங்ஷன் (ஒரு வேலைக்கான வரிகளை ஒரு பெயரில் தொகுப்பது) வரை பாருங்கள். மேலே எறிந்த பந்தின் உயரத்தை நொடிக்கு நொடி அச்சிடும் சின்ன நிரல் எழுதினால் இயற்பியலும் சேர்ந்து பழகும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறொன்று: தனியாகவே படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் இங்கேயும் தனியாகவே இருந்துவிடுவது. 1970-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற கணிதவியலாளர், கால்குலஸில் பின்தங்கிய கறுப்பின மாணவர்களையும் நன்றாகச் செய்த சீன மாணவர்களையும் கவனித்தார். முன்னவர்கள் உழைப்பில் குறைவில்லை, ஆனால் பெரும்பாலும் தனியாகப் படித்தார்கள். பின்னவர்கள் தனியாகப் போட்டுவிட்டு ஒன்றுகூடி, ஒருவர் விடையை ஒருவர் அலசினார்கள். அதைப் பார்த்து அவர் தொடங்கிய குழுப் பயிற்சியில் மதிப்பெண்கள் நன்றாகவே உயர்ந்தன.

முதல் வாரத்திலேயே இரண்டு மூன்று பேரைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழுவில் உட்காருமுன் நீங்கள் போட்டுப் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது காப்பியடிப்பதாகிவிடும். அப்புறம், ஆசிரியரிடம் போகும்போது வெறுமனே “புரியவில்லை” என்று நிற்காதீர்கள். போட்ட தாளைக் காட்டி, “மூன்றாவது வரியிலிருந்து நான்காவது எப்படி வந்தது?” என்று கேளுங்கள்.