ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா வருமா? கேள்வி பதில்

ஆப்பிரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் ஆஸ்துமா, அலர்ஜி பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றிருந்தேன். வந்ததில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: ஆப்பிரிக்காவில் ஆஸ்துமா அபூர்வம் என்று கல்லூரியில் படித்தேன். நிஜமா?

கிராமங்களில் ஒரு காலத்தில் ஏறக்குறைய நிஜம்தான். தென்னாப்பிரிக்காவில் கோசா இனப் பிள்ளைகளை ஓடவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் ஊதச் சொல்லி மூச்சை அளந்தார்கள். 1979இல் முடிவு வந்தது. டிரான்ஸ்கை என்ற பகுதியின் கிராமத்தில் ஓடியதும் மூச்சுக்குழல் சுருங்கியது (ஆஸ்துமாவின் அடையாளம் இது) 0.14 சதவீதம் பேருக்கு, அதாவது எழுநூறு பேரில் ஒருவருக்கு. கேப் டவுனில் வளர்ந்த அதே இனத்துப் பிள்ளைகளில் 3.17 சதவீதம்.

1991இல் ஜிம்பாப்வேயிலும் இதே கதை. வேட்ஸா கிராமப்புறத்தில் 0.1 சதவீதம், தலைநகர் ஹராரேயின் நெரிசலான குடியிருப்பில் 3.1, வசதியானவர்கள் வாழும் வடக்கு ஹராரேயில் 5.8. ஒரே இனம், இடம் மாறியதும் நோய் இருபது மடங்குக்கு மேல் ஏறுகிறது என்றால் பரம்பரையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நம் பாடப்புத்தகங்கள் அந்தப் பழைய கிராமத்து எண்ணிலேயே நின்றுவிட்டன என்பது என் எண்ணம்.

கே: சரி, இப்போது எத்தனை சதவீதம்? ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு எண் போடுகிறார்களே?

எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். மேலே சொன்னது ஓடவிட்டு அளந்தது. 1990களிலிருந்து 'ஐசாக்' என்ற உலகளாவிய ஆய்வு 13, 14 வயதுப் பிள்ளைகளிடம் நேராகவே கேட்டது: கடந்த 12 மாதத்தில் நெஞ்சில் விசில் மாதிரி சத்தம் வந்ததா? பல இடங்களில் மூச்சுத் திணறுபவர்களின் வீடியோவையும் போட்டுக்காட்டி, 'உனக்கு இப்படி வந்ததுண்டா' என்றார்கள். கேப் டவுனில் 'ஆமாம்' என்றவர்கள் 1995இல் 16 சதவீதம், 2002இல் 20.3.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறோர் எண். அண்மையில் கானா, நைஜீரியா, உகாண்டா, மலாவி, ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் 27,000க்கும் மேற்பட்ட மாணவர்களை விசாரித்தார்கள். 12 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா அறிகுறி. அவர்களில் 'உனக்கு ஆஸ்துமா' என்று மருத்துவர் சொல்லியிருந்தது ஐந்தில் ஒருவருக்குத்தான். மீதிப் பேர் சளி, இருமல் மருந்து, ஆன்டிபயாடிக் என்று அலைந்துகொண்டிருப்பார்கள். நோய் அபூர்வமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கே: குடலில் புழு இருந்தால் அலர்ஜி வராதாமே? அப்படியென்றால் பூச்சி மருந்து கொடுப்பது தப்பா?

கொடுங்கள், தயங்காதீர்கள். இந்தப் பேச்சு பெரிதானது காபோன் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வால். சிறுநீரில் ரத்தம் வரவைக்கும் சிஸ்டோசோமா புழு இருந்த பிள்ளைகளுக்கு, வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய பூச்சிக்கான தோல் சோதனையில் தடிப்பு, அதாவது அலர்ஜியின் அறிகுறி, குறைவாக வந்தது. அங்கேயே பிறகு குடற்புழுவுக்கு மருந்து கொடுத்தபோது தடிப்பு கூடியது. புழு தான் பிழைத்திருக்க நம் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கிறது என்பது விளக்கம்.

ஆனால் தோலில் தடிப்பது வேறு, ஆஸ்துமா வேறு. எல்லாப் புழுவும் ஒரே மாதிரியும் இல்லை. கொக்கிப்புழு இருப்பவர்களிடம் ஆஸ்துமா குறைவு, உருண்டைப்புழு இருப்பவர்களிடம் கூடுதல். புழுவால் வரும் ரத்தசோகையையும் படிப்பு கெடுவதையும் கணக்கில் எடுத்தால், புழுவை வைத்துக்கொள்ளச் சொல்ல யாருக்கும் மனசு வராது.

கே: வேர்க்கடலை அலர்ஜி அங்கே உண்டா?

குறைவு. கானாவில் கணிசமான பள்ளிப் பிள்ளைகளுக்கு ரத்தச் சோதனையில் 'கடலை அலர்ஜி' என்றே வந்தது. அவர்களோ வீட்டில் கடலைக் குழம்பை நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்! புழுவிலும் கடலையிலும் உள்ள ஒரேவகைச் சர்க்கரை மூலக்கூறு சோதனையை ஏமாற்றிவிடுகிறது.

கே: டர்பனில் உறவினர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அடிக்கடி வீசிங். காற்றுதான் காரணமா?

எந்தப் பகுதி என்று எழுதவில்லை. தெற்கு டர்பன் என்றால் சந்தேகப்படலாம். நிறவெறிக் காலத்தில் இந்திய வம்சாவளியினரை ஒதுக்கிக் குடிவைத்த மியர்பேங்க் அங்கேதான் இருக்கிறது. இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவில் இருந்த ஒரு தொடக்கப்பள்ளியில் 2000களின் தொடக்கத்தில் சோதித்தபோது, ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு அளவில் ஆஸ்துமா. அதற்காகக் காற்றையே பழி சொல்லிக்கொண்டு சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கே: மலாவியில் ஆசிரியராக இருக்கிறேன். ஒரு பையனிடம் இன்ஹேலர் இருக்கிறது, ஸ்பேசர் வாங்க வசதியில்லை.

ஸ்பேசர் என்பது இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் கூடுதான். அதற்கு 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டில் போதும். கேப் டவுன் மருத்துவர்கள் 1999இல் கடை ஸ்பேசரோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது சளைத்ததில்லை என்று காட்டினார்கள். இன்ஹேலரின் வாய் அளவுக்குக் கம்பியை வளைத்து, சூடாக்கி, பாட்டிலின் அடியில் துளை போடுங்கள். இன்ஹேலரைச் செருகி இடைவெளியைப் பசையால் அடையுங்கள். பாட்டிலின் வாய் பையனின் வாயில். ஒரு தடவை அழுத்தி, நிதானமாக நாலைந்து மூச்சு, அப்புறம் அடுத்தது. சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் உலரவிட்டால் மருந்து சுவரில் ஒட்டாது.

அவனிடம் இருப்பது நீல நிற இன்ஹேலர் மட்டும்தானா என்றும் பாருங்கள். அது அப்போதைக்குத் திணறலை அடக்கும், உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. ஸ்டீராய்டு இன்ஹேலர் வேண்டுமா என்று கிளினிக்கில் கேட்கச் சொல்லி அவன் அம்மாவிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.